ஆத்தப்பன் காரில் ஒரு சத்தம்

ஆத்தப்பனை முதன்முதலில் பார்த்தபோது அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. தரையோடு தரையாகப் படுத்திருந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கதவுக்கு வெளியே, மடித்துக் கட்டிய வேட்டியும் ரப்பர் செருப்பும் நீட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அருள்புரத்தில் அவர் நடத்தும் நிட்டிங் கம்பெனிக்கு ஆபீஸ் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, பட்டச் சான்றிதழை ஃபைலில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். தலையை வெளியே எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை.

"தம்பி, உங்களுக்குக் காது நல்லாக் கேக்குங்களா?"

கேட்கும் என்றேன். ஏறி உட்கார்ந்து கியர் ராடைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தால் கடகடச் சத்தம் நின்றது. கையை எடுத்தால் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது போலத் திரும்ப வந்தது. அதுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ. கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கியவர், "ஊட்டுல நீங்கதான் மொதப் பட்டமுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். "அப்பப் பத்தரமா வையுங்க, கிரீஸ் பட்டுரும்" என்று புறங்கையாலேயே அதை ஃபைலுக்குள் தள்ளினார். மறுநாளிலிருந்து வந்து போன் எடுக்கச் சொன்னார்.

போன் எடுக்க ஏன் தனி ஆள் என்பது போகப் போகத்தான் புரிந்தது. வாலிப வயதிலிருந்து நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே நின்ற மனிதர். அந்த இரைச்சலில் யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஆத்தப்பன் பீகார்ப் பையன்களின் இந்தியைக்கூட உதட்டில் பிடித்துவிடுவார். ஒவ்வொரு மிஷின் மேலும் உள்ளங்கையை வைத்தபடி நடப்பார். எங்காவது ஊசி உடைந்திருந்தால் கை அங்கேயே நின்றுவிடும். முகத்துக்கு நேராகப் பேசினால் ஒரு சொல்லும் தவறாது. அதனால் அவருடைய காது எவ்வளவு போய்விட்டது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவருக்கே தெரியாது. போன் வந்தால் மட்டும் "லைன் சரியில்லீங்க" என்று என்னிடம் நீட்டிவிடுவார்.

கார் ஒரு எக்ஸ்போர்ட்டர் மகன் ஓட்டிச் சலித்தது. துணிக் கூரை மடங்கியபடியே இறுகிவிட்டது, மூட வராது. ஆத்தப்பனுக்கு அது குறையாகவே படவில்லை. அமாவாசை தவறாமல் மனைவி வசந்தாமணியை இடப்பக்கம் உட்கார வைத்து, வெள்ளகோவிலில் அவர் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார். வழியெல்லாம் அந்த அம்மாள் பேசிக்கொண்டு வருவதுதான் அவருக்கு மாதம் முழுவதற்குமான சேதி.

அந்தப் பயணம் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு பலகாரம். காங்கயம் சிக்னலில் கார் நின்றிருந்தபோது, இரண்டு முறை சொல்லியும் பதில் வராததால், "உங்க அக்கா குடுத்துட்ட முறுக்கு சிக்கு வாடை அடிக்குதுங்க" என்று வசந்தாமணி குரலை உயர்த்தியிருக்கிறார். பக்கத்தில் நின்ற பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பஸ்ஸுக்குள் அக்கா வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். "ஊட்டுப் பேச்ச ரோட்டுல கூவ எனக்கு ஆவாதுங்க. நான் பஸ்ஸுலயே போய்க்கறேன்" என்று வசந்தாமணி சொல்லிவிட்டு, அப்படியே போய்க்கொண்டும் இருந்தார்.

ஆத்தப்பனோ குற்றத்தை முழுக்கக் கியர் ராடின் மேல் போட்டார். அது போடும் ஆட்டம் அவருடைய இடது உள்ளங்கைக்கு நன்றாகத் தெரியும். "இந்தக் கடகடா போச்சுன்னாப் போதும் தம்பி, அவ பேசறது தேனாட்டங் கேக்கும்" என்பார். எங்கள் ஊர்ப்பக்கம் எதைச் சரி செய்யவும் முதலில் கை போவது பனியன் வேஸ்ட் துணிக்குத்தான். அவரும் ராடின் அடியில் ஒரு பை வேஸ்ட்டைத் திணித்து, மேலே ஜட்டி எலாஸ்டிக்கைச் சுற்றி இறுக்கினார். சத்தம் அடங்கியது. கூடவே இரண்டாவது கியரும் விழ மறுத்தது. பல்லடம் ரோட்டில் வண்டி நடுவழியில் நின்றபோது, பின்னால் துணி ஏற்றி வந்த டெம்போக்காரர் வாயிலிருந்து வந்த வசவு எதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்பது ஒரு நன்மை.

அதன் பிறகுதான் ராயபுரத்தில் லேத் வைத்திருக்கும் கைருதீனிடம் போனோம். இருவரும் ஒரே கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தவர்கள். கைருதீன் ராடின் தோல் உறையைக் கழற்றி, ஈரமான வேஸ்ட்டைப் பிடிபிடியாக இழுத்துப் போட்டார். "வண்டிக்குப் பேறுகாலம் பாக்கற மாதிரி இருக்குதுங்கண்ணா" என்று ஆத்தப்பனைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். ராடின் அடிக்குமிழைச் சுற்றியிருந்த புஷ் வளையம் தேய்ந்து நகக்கண் அளவுக்கு வந்திருந்தது. குமிழ் குழிக்குள் கூத்தாடியது. நைலான் உருளையில் புதிதாகக் கடைந்து, இறுக்கமாக இருந்ததைத் தேய்த்து, கிரீஸ் தடவி உட்கார வைத்தார். எஞ்சினைப் போட்டதும் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. ஆத்தப்பன் ராடின் மேல் கையை வைத்து, கோயிலில் நிற்பவர் போலக் கண்ணை மூடினார்.

பிறகு குனிந்து தோல் உறையை மாட்டத் தொடங்கினார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கைருதீன் சாதாரணமாகச் சொன்னார்: "அண்ணா, காதுக்கும் ஒரு மிசினு வாங்கி மாட்டிக்கலாமுங்க."

ஆத்தப்பன் திரும்பவில்லை. உறையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். கைருதீன் என்னைப் பார்த்தார். ஆத்தப்பன் நிமிர்ந்தபோது எங்கள் இருவருக்கும் அதை முகத்துக்கு நேரே மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த அமாவாசையன்று வசந்தாமணி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் காரில் ஏறினார். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பூனை போல உறுமியது. முன்னால் ரோட்டைப் பார்த்தபடி அவர் கேட்டார்: "ஏனுங்க, தண்ணி பாட்டல் வெச்சீங்களா?"

ஆத்தப்பன் ராடின் மேல் கையை வைத்து ரசித்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி இன்னொரு முறை கேட்டார், அதே குரலில். எனக்கே தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா வசந்தா, ஒரு சத்தமில்ல" என்று ஆத்தப்பன் பெருமையாகத் திரும்பினார். அந்த அம்மாள் உதடு அப்போதுதான் மூடியது. அதை அவர் பார்த்துவிட்டார். கை ராடின் மேலேயே இருந்தது; அதில் ஓர் அசைவும் இல்லை. குற்றம் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை. எஞ்சினை அணைத்தார்.

வசந்தாமணி கத்தவில்லை. கையை உயர்த்தி, நடுக்கண்ணாடியைப் பிடித்து, தன் முகம் அவருக்குத் தெரியும்வரை மெல்லத் திருப்பினார். பிறகு கண்ணாடியைப் பார்த்து மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"வெச்சுட்டேன். சீட்டுக்குப் பின்னால இருக்குது" என்றார் ஆத்தப்பன்.

இப்போது அவர் இடது காதில் மிஷின் மாட்டியிருக்கிறார். நிட்டிங் ஹாலுக்குள் போகும்போது மட்டும் கழற்றி என் மேசையில் வைப்பார். போனையும் அவரே எடுக்கிறார். அமாவாசைகளில் இருவரும் வெள்ளகோவிலுக்குப் போகிறார்கள். பின்னால் வருவதைப் பார்க்க வெளிக்கண்ணாடி போதுமாம். கார் கிளம்பும் முன் நடுக்கண்ணாடியை இப்போது அவரே இடப்பக்கம் திருப்புகிறார். வசந்தாமணி முதலில் கொஞ்சம் சாய்ந்து அதில் தன் பூவைச் சரி செய்துகொள்கிறார். அப்புறம்தான் பேச ஆரம்பிக்கிறார்.