தண்ணீர் வேண்டாம் என்ற வயல்

மடைக்காரருக்குக் காதல் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில், அதுவும் நடவு நேரத்தில், வாய்க்கால் நிறையத் தண்ணீரும் தலைக்கு மேல் வேலையும் இருக்கும்போது வந்து தொலைத்தது. வருவதுதான் வருகிறது, அறுவடை முடிந்து வந்திருக்கக் கூடாதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே சிரித்தார். ஆளே இல்லாத வாய்க்கால் கரையில் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்.

பெரிய வாய்க்காலிலிருந்து வயல்களுக்குப் பிரியும் மடைகள் எல்லாம் அவர் பொறுப்பு. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் அவர் கையில். அதனால் தெருவில் எதிர்ப்படும் யாரும் அவரை நலம் விசாரித்ததில்லை. "தண்ணி எப்போ?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் கேட்கும்போது இனிக்கிற முகமும், கிடைக்காதபோது கடுகடுக்கிற முகமும் தவிர மனிதர்களுக்கு மூன்றாவது முகம் உண்டென்பதே அவருக்குத் தெரியாது. மடைக்காரர் என்று நீட்டி முழக்கச் சோம்பல்பட்டவர்கள் மடையர் என்று சுருக்கிவிட்டார்கள். முதலில் முகம் சுளித்தவர், மடையைப் பார்த்துக்கொள்கிறவன் மடையன்தானே, இதில் கோபிக்க என்ன இருக்கிறது என்று சமாதானமாகிவிட்டார். நல்ல மனிதர். கல்யாணப் பேச்சு வந்த வயதில் வாய்க்காலில் உடைப்பு, வாய்க்கால் சரியானபோது வயது போய்விட்டது. அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தார்.

மூன்றாவது முகம் தையல்காரியுடையது. முழங்காலில் கிழிந்த கால்சட்டையை ஒட்டுப்போடக் கொண்டுபோனார். அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, உங்க முழங்கால் ஊர் சுத்திப் பார்க்கக் கிளம்பிடுச்சா?" என்று கேட்டுக் கலகலவென்று சிரித்தாள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! மடைக்காரர் அங்கேயே, நூல்கண்டுகளுக்கு நடுவிலேயே, கவிழ்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சட்டைகளில் வரிசையாகப் பொத்தான்கள் போயின. ஒன்றுகூடத் தானாக விழவில்லை.

"ஏன்டா, பொத்தானைத் திங்கிறியா?" என்று அக்கா கேட்டாள்.

"பழைய சட்டைக்கா, நைஞ்சுபோச்சு."

"போன மாசம் எடுத்த சட்டைடா!" அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

தையல்காரி கணவனை இழந்து எட்டு வருடமாகத் தனியாக இருப்பவள். அப்பா விட்டுப்போன வயலில் சரிபாதி அவள் பங்கு. அதையும் சேர்த்து அவள் அண்ணன்தான் பயிர் வைத்து, தன் மனசுக்குத் தோன்றியதை அவளுக்குக் கொடுத்து வந்தான். இந்தப் போகம் அவள் மறித்து நின்றாள். துணி தைத்துக்கொண்டே கைப்பேசியில் நெல் சாகுபடி வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தாள். என் பாதியில் நானே நடுகிறேன் என்றாள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான்.

"சரி, ஒரே ஒரு போகம். என் பாதியில விளையறதைவிட ஒரு மூட்டை குறைஞ்சாலும் உன் பங்கை எனக்கு எழுதிக் கொடுத்துடணும். அப்புறம் வயல் பக்கமே வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வீட்டுக்குப் போய்ப் பயந்தாள். அந்த வயலை விட்டால் பிறந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பிடி மண் கிடையாது.

நடவு அன்று கரையில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் ஒரு மாதம் வளர்ந்த நாற்றைக் கொத்துக் கொத்தாக நெருக்கி நடும்போது, இவள் பாதி வயதுகூட ஆகாத குட்டி நாற்றை, அதுவும் ஒவ்வொன்றாக, கயிறு கட்டி, அளவு நாடாவை வைத்துப் பத்து அங்குலத்துக்கு ஒன்று என்று குறுக்கும் நெடுக்குமாக நட வைத்தாள். நட்டு முடித்ததும் பார்த்தால் வயலில் சேறு தெரிந்தது, நாற்று தெரியவில்லை. வழுக்கை வயல் என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

"தங்கச்சி, வயலுக்கு விக் வாங்கி வைக்கலாமா?" என்று அண்ணன் கரையிலிருந்து கத்தினான்.

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பாவம், இந்தப் பெண் தோற்றுப் போகப் போகிறாளே! நாம் இருக்கும்போது தோற்கலாமா? அவரிடம் பணமில்லை, பேச்சுத் திறமை இல்லை. தண்ணீர் இருந்தது. உலகமே கெஞ்சுகிற தண்ணீர்.

மறுநாள் மத்தியானம், அவள் கடையில் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் வயலின் மடையைத் திறந்தார். தண்ணீர் சலசலவென்று ஓடி வரப்பு முட்ட நின்றது. நாற்றுகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு அவள் வந்து பார்த்தால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தபடியே சைக்கிளை வாய்க்காலுக்குள் விட்டார்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் வயலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வரப்பு ஓர் இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. எலி வேலை என்று முடிவு கட்டி, உடைப்பை மண் வைத்து மெழுகிவிட்டு, மறுபடியும் நிரப்பினார். மறுபடியும் வடிந்திருந்தது. இந்த முறை வெட்டு மண்வெட்டியால் நேர்க்கோடாக வெட்டியதுபோல் இருந்தது. என்ன நேர்த்தியான எலி என்று வியந்தாரே தவிர, வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை. காதல் வந்த மனிதனின் மூளை அவ்வளவுதான் வேலை செய்யும். இப்படியே இரண்டு வாரம் அவர் நிரப்புவதும் எலி வடிப்பதுமாகப் போனது.

ஒருநாள் தையல்காரியே அவரைத் தேடி மடைக்கு வந்தாள். முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி, கண்ணில் பொறி.

"உங்ககிட்ட ஒரு புகார்."

"தண்ணி வரலையா?" பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"வருது! அதுதான் புகார். யாரோ என் வயல்ல தினமும் தண்ணி விடறாங்க. நான் வடிச்சு வடிச்சு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. எந்த மடையன் இந்த வேலையைப் பார்க்கிறான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. மடைக்காரர் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி... வேண்டாமா?"

"எப்பவும் நிக்க வேண்டாம். நிலம் லேசா வெடிக்கற மாதிரி காயணும், அப்புறம் தண்ணி கட்டணும், திரும்பக் காயணும். அப்பதான் வேர் தண்ணியைத் தேடிக்கிட்டுக் கீழே போகும், பயிர் அடியில கிளைச்சுத் தூர் விடும். வயல்ல ஓட்டை போட்ட குழாய் ஒண்ணு புதைச்சிருக்கேன், பார்த்திருப்பீங்களே? அதுக்குள்ள தண்ணி ஒரு சாண் கீழே இறங்கினாதான் அடுத்த தண்ணி."

பார்த்திருந்தார். எலிக்கு வைத்த பொறி என்று நினைத்திருந்தார்.

"என் பயிர் மூழ்கி மூழ்கி வெளுத்துப்போச்சு. ஒத்தை நாத்து நட்டவளுக்குத் தூர் விடலைன்னா மிச்சம் என்ன இருக்கு? இது எங்க அண்ணன் வேலைதான். நான் தோத்தா அவனுக்குத்தானே லாபம்! இப்பவே போய் நாலு பேர் முன்னாடி கேட்கிறேன்" என்று சொல்லி விடுவிடுவென்று நடந்தாள்.

மடைக்காரருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. செய்யாத குற்றத்துக்கு அண்ணன் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான், கூடப் பிறந்தவர்கள் ஜென்மத்துக்கும் பேசாமல் போவார்கள். சைக்கிளை மிதித்துப் பறந்து போய் அவளுக்குக் குறுக்கே நிறுத்தினார்.

"உங்க அண்ணன் இல்ல. நான்தான்."

"நீங்களா? யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன்?"

"உங்க வயலைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. என்கிட்ட கொடுக்கறதுக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க?" என்றார். காது நுனி வரை சிவந்துவிட்டது.

தையல்காரி மண்வெட்டியைக் கீழே ஊன்றினாள். விழுந்த பொத்தான்கள் எல்லாம் இப்போதுதான் அவளுக்குக் கணக்கில் வந்தன. திட்டுவதற்குத் திறந்த வாயில் சிரிப்பு வந்து நின்றது. அவள் அதை உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"அதை ஒரு வார்த்தை வாயால சொல்லியிருந்தா என் பயிர் பிழைச்சிருக்குமே!"

தண்டனையும் அவளே விதித்தாள். களையெடுக்கும் உருளையை வரிசைக்கு நடுவே தள்ள வேண்டும். பற்கள் வைத்த உருளை களையைப் பிடுங்கிச் சேற்றிலேயே புதைக்கும், மண்ணும் கிளறிவிட்டதாகும். நேர்க்கோட்டில் நட்டது அதற்காகத்தான். மடைக்காரர் நெடுக்கில் தள்ளினார், குறுக்கில் தள்ளினார், தள்ளச் சொல்லாத நாளிலும் வந்து தள்ளினார். கரையிலிருந்தவர்கள் கேலி பேசினார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. பக்கத்து வரிசையில் அவள் கதை கதையாகப் பேசிக்கொண்டு வந்தாள். இவ்வளவு சந்தோஷத்துக்குப் பெயர் தண்டனை என்றால், முன்பே நாலைந்து தப்பு செய்திருக்கலாமே என்று இருந்தது.

பயிரும் தேறியது. தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டதும் வெளுத்த நிறம் மாறியது. ஒற்றை நாற்று பத்தானது, இருபதானது, கைக்குள் அடங்காத புதரானது. வழுக்கை வயல் என்றவர்கள் மெல்ல வேறு பேச்சுக்கு மாறிக்கொண்டார்கள். அண்ணன் வயலுக்குள் இறங்கி ஒரு புதரின் தூர்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான்.

கதிர் வெளியே வந்த சமயம் தையல்காரி ஓடி வந்தாள். "தண்ணி வேணும், சீக்கிரம்!"

"மாட்டேன்" என்றார் மடைக்காரர் கம்பீரமாக. கடைசித் தண்ணீர் கட்டிய பிறகு அவளுடைய வயல் மடையைக் கம்பி போட்டு முறுக்கியே வைத்திருந்தார். "என்னைச் சோதிச்சுப் பார்க்கறீங்க. இனிமே ஏமாற மாட்டேன்."

"ஐயோ, சோதனை இல்லைங்க! பூ பூத்திருக்கு. இப்ப காஞ்சா எல்லாம் பதராப் போயிடும்!"

"அன்னைக்கு வேண்டாம்னு திட்டினீங்க."

"அன்னைக்கு அது குழந்தை, இன்னைக்குப் பிள்ளைத்தாச்சி! ரெண்டுக்கும் ஒரே சாப்பாடா போடுவாங்க?"

மடைக்காரர் பதறிப்போய் மடைக்கு ஓடினார். முறுக்கிய கம்பி அவிழ மறுத்தது. கடவுளே, காவல் காக்கிறேன் என்று மறுபடியும் இவளைக் கெடுத்துவிட்டேனா என்று கண் கலங்க, கையாலும் பல்லாலும் இழுத்தார். கடைசியில் அவள் மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு போடு போட்டாள். கம்பி தெறித்தது, தண்ணீர் பாய்ந்தது. இருவரும் வரப்பில் தொப்பென்று உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்து மூச்சு முட்டச் சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது.

அறுவடை அன்று களத்தில் இரண்டு குவியல்கள். முதலில் அண்ணனுடையதைக் கட்டினார்கள். இருபத்திரண்டு மூட்டை. நல்ல விளைச்சல்தான், தலை நிமிர்ந்து நின்றான். பிறகு தங்கையின் குவியலை அள்ள ஆரம்பித்தார்கள். தையல்காரி ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு நின்றாள். மடைக்காரர் மூட்டை பிடிக்கிறேன் என்று வந்து, நெல்லைப் பாதி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். இருபது தாண்டியது. இருபத்திரண்டும் தாண்டியது. அவருடைய அக்கா கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அள்ள அள்ளக் குவியல் குறைகிற வழியைக் காணோம். சாக்குத் தீர்ந்துபோய் அண்ணனிடமே கடன் வாங்கிக் கட்டினார்கள். முப்பத்தொன்றில் வந்து நின்றது.

அண்ணன் ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். சண்டைக்காரன்தான், ஆனால் அழுகுணி இல்லை.

"வயல் உன்னோடதுதான் தங்கச்சி. இனிமே நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த போகம் அந்தக் கயித்தை எனக்கும் கொஞ்சம் கொடு" என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் புரியவில்லை.

"தரேன் அண்ணா. இன்னொண்ணும் சொல்லிடறேன், எல்லாரும் இருக்கும்போதே. இவரையும் நான் கட்டிக்கப் போறேன்."

மடைக்காரர் கையிலிருந்த சாக்கு நழுவிக் கீழே விழுந்தது. தான் வெளியே கொட்டியிருந்த நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேட்கலையே!"

"நீங்க கேட்பீங்க கேட்பீங்கன்னு கதிர் வர்ற வரைக்கும் பார்த்தாச்சு, அறுத்தும் ஆச்சு. இதுக்கு மேல என்னால முடியாது. வேணுமா, வேண்டாமா?"

"வேணும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் களத்தைச் சுற்றியிருந்த பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. இருபது வருடமாக ஊரே அவரிடம் சொன்ன வார்த்தையை அவர் இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் தங்கையைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான், சிந்திய நெல்லின் மேல் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தான். பிறகு குனிந்து கையை நீட்டினான்.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. இவ்வளவு மூட்டையையும் நான் ஒருத்தனேவா தூக்குவேன்?"