கருவாட்டுப் பரிசோதனை

கொரோனா இரண்டாம் அலையின்போது நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு. கல்லூரி அடையாறில், வீடு ஊரூர் குப்பத்தில், நடந்தே போகும் தூரம். ஆனாலும் வார்டு வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோகக் கூடாது என்று எங்களை ஹாஸ்டலிலேயே தங்கவைத்துவிட்டார்கள்.

தினமும் காலையில் வார்டன் காய்ச்சல் பார்ப்பார். பிறகு, "வாசனை தெரியுதா?" என்பார். நாங்கள் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டுவோம்.

ஒருநாள் நான், "சும்மா கேட்டா எப்டி மேடம்? எதையாவது மோந்து பாக்கச் சொல்லணும்" என்றேன்.

"சரி, நீயே ஏற்பாடு பண்ணு" என்றார்.

அம்மா மீன் விற்பவர். போன் செய்து, கொஞ்சம் கருவாடு கொண்டுவந்து கேட்டில் கொடுக்கச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு? அங்க சோறு சரியில்லயா?"

"திங்க இல்லமா. மோந்து பாக்க."

"ரொம்ப படிக்காத. ஒழுங்கா தூங்கு" என்று அம்மா போனை வைத்துவிட்டார். ஆனாலும் மாலையே ஒரு டப்பா நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை ஹாலில் எல்லோரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டே போனேன். என் அறைத்தோழி மயிலாப்பூர்க்காரி. அவள் வீட்டில் முட்டைகூட நுழையாது. டப்பா நெருங்கியதும் மூச்சை அடக்கிக்கொண்டு, "நேக்கு ஒண்ணுமே தெரியலை" என்றாள். அப்படிச் சொன்னால் டப்பா நகர்ந்துவிடும் என்று கணக்கு. நகர்ந்தது அவள்தான். வார்டன் அவளைப் பெட்டி படுக்கையோடு மாடித் தனியறைக்கு அனுப்பிவிட்டார்.

மாலையில் போன் செய்தாள். "பொய் சொல்லிட்டேன்டி."

"வார்டன்கிட்ட சொல்லட்டுமா?"

"இரு, இப்ப வேண்டாம். இங்க தனி பாத்ரூம். சாப்பாடு வாசலுக்கே வரது. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்."

இந்தச் சேதி எப்படியோ ஹாஸ்டல் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் பாதிப் பேருக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

வார்டன் கோபப்படவில்லை. "தனியறை ஒண்ணுதான் இருக்கு. அதனால வாசனை தெரியாதவங்க ஹால்லயே இருங்க. மத்தவங்க வெளிய போகலாம்" என்றார். டப்பாவை வாங்கி மின்விசிறிக்கு நேர் கீழே திறந்து வைத்து, விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தி கை தூக்கினாள். "மேடம், லேசா வருது."

பிறகு வரிசையாக எல்லோருக்கும் குணமாயிற்று.

அறைத்தோழிக்குத் தொற்றில்லை என்று முடிவு வந்து, மனமில்லாமல் கீழே இறங்கினாள். அதற்குள் வார்டன் கருவாட்டை நிறுத்திவிட்டு, மெஸ்ஸிலிருந்து காபித் தூளை வரவழைத்திருந்தார். அவள் ஆசையாக மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"சிக்கரி ஜாஸ்தி மேடம்."

"நார்மல்" என்று சொல்லிவிட்டு வார்டன் அடுத்தவளிடம் போனார்.