நான் விற்ற பளபளப்பு

நான்கடிக்கு இரண்டடி, பால் நிறம், ஊடே மெல்லிய சாம்பல் கோடுகள். அந்த டைல்ஸைத் தூக்கி விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து, "குனிஞ்சு பாருங்க சார், இனிமே வீட்டுக்குக் கண்ணாடியே வாங்க வேணாம்" என்றேன். கணக்கு வாத்தியார் குனிந்து பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது, பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என் முகமும் தெரிந்தது. மதுரை வில்லாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் கடையில் பதினோரு வருடமாக விற்பனைக்கு நிற்கிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அந்த வாயால்தான் பிழைக்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் அதை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அவர் முதலில் கை வைத்தது வேறொன்றின் மேல். ஓரமாக அடுக்கியிருந்த சிமெண்ட் நிற டைல்ஸைத் தடவிப் பார்த்து, "இது சொரசொரன்னு நல்லா இருக்கே தாயி, இதையே போட்டா என்ன?" என்று கேட்டார். நான்தான் சிரித்தேன். "அது கார் நிறுத்துற எடத்துக்குப் போடுறது சார். ஹால்ல போட்டா, வர்றவுக இது வீடா ஷெட்டான்னு கேப்பாக." அவரும் சிரித்துவிட்டுப் பளபளப்பு டைல்ஸுக்கே தலையாட்டினார். ஓய்வு பெற்ற பிறகு கட்டும் வீடு, பிள்ளைகள் இல்லை, மனைவிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது என்று சொன்னார். "புது வீட்டப் பாத்தாலாவது கொஞ்சம் தெளிவா இருப்பா." சமையல் மேடைக் கல்லிலிருந்து குளியலறைக் குழாய் வரைக்கும் அந்த அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று யோசித்து யோசித்துத்தான் எடுத்தார்.

பால் காய்ச்சிய மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம். "வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேங்கிறா தாயி. வாசல்லயே நின்னு கத்துறா." டைல்ஸில் ஏதோ குறை என்று நினைத்து நானும் கூடப் போனேன். ஜன்னல் வெளிச்சம் விழுந்து ஹால் முழுவதும் மின்னியது. இவர் நடு ஹாலில் நின்று இரண்டு கையையும் நீட்டி, "வா, ஒண்ணும் ஆகாது, வா" என்று கெஞ்சுகிறார். வாசற்படிக்கு வெளியே அந்த அம்மா சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கி, என்னென்னவோ குழறிக் கத்துகிறார். அத்தனை குழறலில் எங்கள் காதில் பிடிபட்டது ஒரே ஒரு சொல். "பனி... பனி..."

தரை சில்லென்று இருக்கிறது, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த நேரம், அப்படி நினைத்ததில் என்ன ஆச்சரியம்? இரண்டு பேருமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு அவர் காலைத் தொங்கப் போடவே இல்லை. மடக்கிக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தார். நடக்க வையுங்கள், இப்படியே விட்டால் கால் மடங்கிப் படுக்கையாகிவிடும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாத்தியார் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். கம்பளிச் செருப்பு வாங்கினார். ஜன்னலையெல்லாம் அடைத்தார். நான் சொன்னேன் என்று கருநீலத்தில் ஒரு கம்பளம் விரித்தார். அந்த அம்மா அதைப் பார்த்துக் கிணற்றைப் பார்த்தவர்போல் அலறியதும் அதைச் சுருட்டி மாடியில் போட்டார். தினம் சாயங்காலம் கடைக்கு வந்து மாதிரிகளைக் கையால் தடவிப் பார்ப்பார். "எது தாயி சூடா இருக்கும்? நல்லாப் பாத்துச் சொல்லு." எனக்கு என்ன தெரியும்? விற்கத் தெரியும். அவ்வளவுதான்.

அப்படி ஒரு சாயங்காலம் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்த செல்லூர்க்காரர் எங்கள் பேச்சில் அந்தப் 'பனி' வந்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். "சார், அந்தம்மா பொறந்த ஊரு எது?"

"செல்லூர்தான். தறி போடுற குடும்பம்."

"சௌராஷ்டிராவா?"

வாத்தியார் ஆமாம் என்றார்.

"நானும் அதான் சார். எங்க பாஷையில பனின்னா தண்ணி. அவுக குளுருதுன்னு சொல்லல. தண்ணி நிக்கிதுன்னு சொல்றாக."

வாத்தியார் அடுக்கியிருந்த பெட்டிகள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னார். அவர் டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. காதலித்துக் கட்டிக்கொண்டு வந்ததோடு பெண் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். வந்த மறுவாரமே இவருடைய அம்மா, "எம் புள்ளைய மயக்குனது பத்தாதா, இனி எங்களுக்குப் புரியாம வேற பேசணுமா" என்று சொல்ல, அந்தப் பெண் அன்றோடு தன் பாஷையை நிறுத்திவிட்டார். "ராத்திரி எனக்கு மட்டும் கத்துத் தாரேன்னா தாயி. எனக்கெதுக்கு, நீதான் தமிழ் நல்லாப் பேசுறியேன்னுட்டேன். நாப்பது வருசம். ஒரு வார்த்தை கத்துக்கல. இப்ப அவளுக்குத் தமிழ் போயிருச்சு. பேசுறதெல்லாம் உளறல்னுல நெனச்சேன்." அறுபது வயதைத் தாண்டிய மனிதர் நாலு பேர் பார்க்கத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அந்தத் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக விற்றது நான்தானே.

மறுநாளே அந்தச் சொரசொரப்பு டைல்ஸை ஏற்றினேன். முதலில் படுக்கையறையில் மட்டும் ஒட்டினோம். ஹாலை அடுத்த வாரம் செய்வதாக இருந்தது. அது நடக்கவில்லை. காய்ச்சல் கண்டு நாலே நாளில் அந்த அம்மா போய்விட்டார். ஹால் இன்றைக்கும் அப்படியேதான் மின்னுகிறது. பெயர்க்கவும் மாட்டேன் என்கிறார், அதில் நடக்கவும் மாட்டேன் என்கிறார். சமையலறைக்குப் பின்வாசல் வழியாகப் போய் வருகிறார். போன மாதம்கூட, "பேத்து எடுத்துரலாம் சார், நானே ஆள் கூட்டியாரேன்" என்றேன். கையை மட்டும் ஆட்டினார்.

காய்ச்சலுக்கு முந்தின நாள் நான் அங்கே இருந்தேன். ஒட்டிய தரை காய்ந்திருந்தது. அந்த அம்மா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு காலை மெதுவாக இறக்கி, கட்டைவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அடுத்த காலையும் வைத்தார். மெலிந்த கால்கள் வெடவெடவென்று ஆடின. ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஹாலில் நின்றிருந்த வாத்தியார் பதறிப்போய், "வா, வா" என்று கையை நீட்டினார். படுக்கையறை முடியும் இடத்தில் அந்த அம்மா நின்றுவிட்டார். பழைய கத்தலே மறுபடி வந்தது. ஆனால் இந்த முறை அதைப் புரிந்து சொல்ல எனக்குப் பக்கத்தில் ஆள் இருந்தார். அன்றைக்குச் செல்லூர்க்காரரையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன்.

"என்னண்ணே சொல்றாக?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி ஏறுது, அங்க நிக்காதீங்க, மேல வாங்கன்னு சாரைக் கூப்புடுறாக அக்கா."

இத்தனை நாளும் அந்த அம்மா தனக்காகப் பயந்து கத்தினார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது ஒரு கையால் நிலையைப் பற்றிக்கொண்டு மறுகையை எட்டும்வரை நீட்டினார். வாத்தியார் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு சொரசொரப்புத் தரையில் ஏறினார். அந்த அம்மா குனிந்து, முந்தானையால் அவர் காலைத் துடைத்துவிட்டார். "வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், தமிழில்.