கரண்ட் போனதும் வரும் பெட்டி

சென்னையிலிருந்து என் கம்ப்யூட்டரைச் சொந்த ஊரான செஞ்சிக்குக் கொண்டுவந்தது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு. அம்மா போன பிறகு நைனா வீட்டில் தனியாக இருந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் டீம் லீடர் மேடம் இறங்கி வந்தார். "ஒரு வாரம் பார்க்கலாம். வேலை நிக்காம நடந்தா அங்கேயே இருங்க. இல்லன்னா கிளம்பி வந்துடணும். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குப் பேசுவோம்."

என் வேலை முழுக்க விர்ச்சுவல் மெஷினில்தான், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில். ஆபீசின் அரதப்பழசான மென்பொருள் புது மெஷினில் ஓடாது. அதற்காகவே உள்ளே ஒரு பழைய மெஷினை வைத்திருக்கிறோம். வந்த அன்றே ஓட்டிப் பார்த்தேன், ஜோராக ஓடியது.

பூஜை முடிந்து திங்கட்கிழமை திறந்தால், 'விர்ச்சுவல் மெஷினைத் துவக்க முடியவில்லை' என்று திரையில் ஒரு பெட்டி. மூடினேன். மறுபடி வந்தது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது வரும் செட்டிங்கில் அதற்கான அனுமதி அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும் சரியானது. இவ்வளவுதானா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மதியம் கரண்ட் போய் வந்தது. அதே பெட்டி.

பூஜை லீவில் ஒரு அப்டேட் தானாக ஏறியிருந்தது. பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. அதை நீக்கினேன். மென்பொருளைப் பிடுங்கி மறுபடி போட்டேன். ஆன்ட்டிவைரஸை அணைத்தேன். முகம் தெரியாதவர்கள் இணையத்தில் சொன்னதையெல்லாம் செய்தேன். ஒவ்வொரு முறையும் செட்டிங்கைத் திரும்பப் போட்டதும் சரியாகும், கரண்ட் போனால் பெட்டி திரும்ப வரும். வீட்டு இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். கோட்டை மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தாலே செய்த வேலையை அவசரமாகச் சேமித்து வைப்பேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை, எழுந்து நடந்தால் பெட்டி வந்துவிட்டதோ என்று திரும்ப ஓடி வருவேன். மேடத்துக்கு தினமும் 'இதோ சரி பண்ணிட்டேன்' என்று ஒரு செய்தி போனது.

நைனா எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். புதன்கிழமை தொண்டூரில் ஒரு மோட்டாரை மாட்டிவிட்டு வந்து என் அறைக் கதவருகே நின்றார்.

"இன்னாம்மா, இன்னும் சரியாவலயா? அன்னிக்கு நான்..."

"நீ சும்மா இரு நைனா! இது ஒண்ணும் உன் பம்புசெட் மோட்டார் இல்ல."

திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. சொன்ன வாய் எனக்கே கசந்தது. ஆனாலும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போன கரண்ட் பத்தரைக்கு வந்தது. நெட் மட்டும் வரவில்லை. அப்போதுதான் திரை ஓரத்துக் கடிகாரத்தைக் கவனித்தேன். பல வருடம் பின்னால், ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியில் நின்றது. நெட் இருந்தால் தேதி தானே சரியாகிவிடும், அதனால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. கரண்ட் இல்லாதபோது தேதியையும் செட்டிங்கையும் ஞாபகம் வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு வட்ட பேட்டரி. இத்தனை வருடம் இந்த வேலை பார்ப்பவளுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். கோபம் எங்கே தோன்ற விட்டது?

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. வாங்கிய அன்றுகூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. ஃபேன் நடுவில் சந்தனம். அந்தச் சின்ன பேட்டரியின் மேல், பைக் ஹெட்லைட்டுக்கு வைப்பதுபோல, சந்தனமும் நடுவில் குங்குமமும். நெம்பி எடுத்தால் அடியிலும் சந்தனம் காய்ந்து ஒட்டி, பேட்டரியின் தொடர்பைத் தடுத்திருந்தது.

"நைனா!"

வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பூஜ அன்னிக்கு நீ பொரி வாங்கப் போனப்ப, தூசி ஊதலாம்னு கழட்னேன். எல்லா மெஷினுக்கும் வெக்கிறதுதானே? இது கையோட வந்துச்சு. நீ இங்கியே இருக்கணும்னு வேண்டிக்கினு ரெண்டு பக்கமும் வெச்சேன். புதங்கெழமையே சொல்ல வந்தேன், நீ வுடல."

நன்றாகத் திட்டுவதற்குத்தான் கூப்பிட்டேன். பேட்டரியை அவரிடமே நீட்டினேன். பழைய பல் பிரஷ்ஷால் அவரே தேய்த்துக் கொடுத்தார். மாட்டி, செட்டிங்கைப் போட்டு, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் காத்திருந்து செருகினேன். பெட்டி வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேடம் போனில் கேட்டார். "அடிக்கடி நின்னுச்சே, என்ன பிரச்சினை?"

"பேட்டரியில அழுக்கு மேடம்."

கதவருகே நின்றிருந்த நைனா தலை குனிந்துகொண்டு திரும்பினார். எனக்குச் சுருக்கென்றது.

"அழுக்கு இல்ல மேடம். சந்தனம். நான் இங்கேயே இருக்கணும்னு எங்க நைனா வேண்டிக்கிட்டு வெச்சது."

மேடம் சிரித்துவிட்டார். "சரி, திங்கட்கிழமையும் அங்கேருந்தே லாகின் பண்ணுங்க. இனிமேலும்தான்."

போனை வைத்துவிட்டு அதைச் சத்தமாக நைனாவிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ அடுத்த வருசம் மேல மட்டும் வெக்கிறேன்."