ஒன்பது நிமிடம் இருபது விநாடி

கல்யாண வீடியோவில் எனக்குத் தெரிந்த வேகம் இரண்டே இரண்டு. மாலை மாற்றும்போது மெதுவாக, பந்தியில் வேகமாக. மாமன்மார்கள் சோற்றைக் குடுகுடுவென்று அள்ளிப் போடுவதைப் பார்த்துச் சிரிக்காத வீடே கிடையாது. இந்த இரண்டை வைத்துக்கொண்டே செம்மேட்டில் கடை போட்டு, கம்ப்யூட்டர் வாங்கி, கொல்லிமலைக்கே எடிட்டர் என்று திரிந்தேன். அடிவாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அத்தா, "துணி வெட்டத் தெரியாதவன் படத்தை வெட்டப் போயிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். மலைக்குள் ரோடே இல்லாத குண்டனி நாட்டுப் பகுதியிலிருந்து ஒரு விவசாயி கடைக்கு வந்தார். அவருடைய மனைவி அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பிரசவ வலியோடு டோலியில் வரும்போதே இறந்துபோனவர். கழியில் போர்வையைக் கட்டி, ஆளைப் படுக்க வைத்து, தோளில் தூக்கி வருவதுதான் டோலி. ரோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் உயிர் போயிருக்கிறது.

"ஏனுங்க பாய், எங்கூர்ல இருந்து ரோட்டுக்கு வர எத்தன நேரமாகுதுன்னு அதிகாரிக்குக் காட்டோணும். வாயில சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. படத்துல கடியாரம் ஓடறாப்பல பண்ணிக் குடுங்க. ரோடு வந்தாப் போதுமுங்க."

"அதுக்கென்ன, செஞ்சிரலாம்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எனக்கு நிகர் நானே.

டோலியில் யாராவது ஒருவர் படுங்கள் என்று நான் சொன்னபோது ஊரே பதறியது. நல்லா இருக்கிற ஆளைச் சும்மா படுக்க வைத்தால் டோலி நிஜமாகவே ஆள் கேட்குமாம். ஆகவே ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கைப் படுக்க வைத்தார்கள். அந்த விவசாயியே முன்கழியைப் பிடித்தார். இறக்கத்தில் மூட்டை ஆடும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றார். கேமராவோடு பின்னால் வழுக்கி வழுக்கி வந்த எனக்கு எரிச்சல். "கிழங்குதானேண்ணா, வெரசா நடங்க" என்றேன். ரோட்டுக்கு வந்து சேர இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. மூன்று கேசட் தீர்ந்தது.

அதிகாரி பத்து நிமிடம்தான் தருவார் என்று சொல்லிவிட்டார்கள். நான் முதல் கேசட்டை மட்டும் ஏற்றி, மேலே கடிகாரத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம், சரியாகக் காட்டியது. அந்தத் தைரியத்தில் மூன்றையும் சேர்த்து வேகத்தைப் பதினெட்டு மடங்கு ஆக்கினேன். படம் சுருங்கியது. சுருங்காமல் மீந்து நின்ற கடிகாரத்தையும் அந்த அளவுக்கு வெட்டிவிட்டு சிடி போட்டேன். முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை. கல்யாண சிடியை எவன் முழுதாகப் பார்த்துக் கொடுத்தான்?

அதிகாரி மனு வாங்கும் கூட்டத்தில் டிவியில் படம் ஓடியது. டோலி குதித்துக் குதித்துப் போயிற்று. பாறையில் அதைத் தூக்கிய நாலு பேரும் எறும்பு போல விறுவிறுவென்று இறங்கினார்கள். முதலில் பின்வரிசையில் சிரித்தார்கள். அப்புறம் அதிகாரியும் சிரித்தார். ரோடு வந்தது, படம் நின்றது, மூலையில் கடிகாரமும் நின்றது. ஒன்பது நிமிடம் இருபது விநாடி.

"பத்து நிமிஷம்கூட ஆகலையேப்பா" என்றார் அதிகாரி.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடிகாரம் ஏன் பொய் சொல்கிறது? கேசட் மாறிவிட்டதா? "சார், வேகத்தை நான்தான் கூட்டினேன், நிஜமா மூணு மணி நேரம்" என்று உளறினேன். "வேகத்தைக் கூட்டினவருக்கு நேரத்தைக் கூட்ட எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மனுவை எடுத்தார். அந்தக் கடிகாரம் மனிதர்கள் நடந்த நேரத்தை எண்ணவே இல்லை, என் படம் ஓடிய நேரத்தைத்தான் எண்ணியது என்று விளங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் பாதியில் குழம்பிவிடுவேன். வெட்கம் மட்டும் குழப்பமில்லாமல் இருக்கிறது. ரோடு சில வருடம் கழித்து வந்தது. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கூட்டத்துக்கு மறுநாள் அந்த விவசாயி கடைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தைப் போடச் சொன்னார். கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"அண்ணா, இது நெசமான வேகமில்லை. நான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"தெரியுமுங்க பாய். நடந்தவனுக்குத் தெரியாதுங்களா?"

டோலி ரோட்டில் ஏறி நின்றதும் அவர் எழுந்து போய் அந்த எண்கள் மேல் விரலை வைத்தார்.

"இந்நேரத்துக்குள்ள வந்திருந்தா அவ பொழச்சிருப்பாளுங்க. இன்னொருக்கா போடுங்க."

போட்டேன்.