மெட்டு அமைத்தவர் பெயர் தெரியவில்லை

எங்கள் சபையின் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும் இருக்கும். சில வருடங்களுக்கு முன் அதைப் புதிதாக அச்சிட ஒரு குழு அமைத்தார்கள். தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்றம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எது யாருடையது என்று தீர்மானிப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. அதாவது, யாருடையதும் இல்லை என்று கோப்பை மூடுவதில்.

விதிகளை நானே எழுதினேன். பெயர் சேர்க்க எழுத்துச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் நேரில் கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி உறவினராக இருக்கக் கூடாது. ஆயர் படித்துவிட்டு, "கவர்மென்ட் ஆர்டர் மாதிரியே இருக்கு சார்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு பாட்டில்தான் சிக்கல் வந்தது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை எல்லாச் சபைகளிலும் பாடுவது. எழுதியவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். தமிழாக்கியவர் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷி. இருவருக்கும் ஆவணம் இருந்தது. அவர்கள் கொடுத்த சீமை மெட்டு எங்கள் ஜனங்களுக்குப் படியவில்லை என்பதற்கும் ஆவணம் இருந்தது. 'சபையார் இழுக்கிறார்கள்' என்று ஒரு பழைய குறிப்பேடு சொல்கிறது. இப்போது எல்லோரும் பாடும் மெட்டு என் அண்ணன் போட்டது. அதற்குத்தான் ஆவணம் இல்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு சவுக்குத்தோப்பில் அண்ணனோடு லாரிக்குக் கட்டை ஏற்றப் போனேன். ஒரு முனை அவன், மறுமுனை நான். கால் சேர்ந்து விழ வாயில் ஏதாவது ஓட வேண்டும். ஆட்கள் வழக்கமாகக் கத்துவதை இங்கே எழுத முடியாது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும் இந்தப் பாட்டை எடுத்து நடைக்கு ஏற்றபடி வளைத்தான். நாலு நாளில் தோப்பே பாடியது. அடுத்த மாதம் கோயிலில் பாடினார்கள்.

இரண்டாம் அடியின் நடுவில் ஒரு நிறுத்தம் வரும். பொருளைப் பார்த்தால் அங்கே நிற்கக் கூடாது. 'மெட்டில் பிழை' என்று குழுவிலிருந்த இசை ஆசிரியர் குறித்துவைத்தார். கட்டையைத் தோள் மாற்றும் இடம் அது. மற்றவர்கள் நடந்துகொண்டே மாற்றுவார்கள். எனக்கு மூச்சு வாங்கும். எனக்காகத்தான் அண்ணன் பாட்டை அங்கே நிறுத்தினான்.

குழுக் கூட்டத்துக்கு அவனே வந்தான். சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டி, கண் மங்கி, வீட்டில் இருந்த காலம்.

"அந்த மெட்டு நான் போட்டதுபா. எய்திக்கோங்க."

"சாட்சி இருக்காங்களா?" என்றார் இசை ஆசிரியர்.

"அல்லாரும் பூட்டானுங்க. ஒர்த்தன்தான் கீறான். தோ, செயலாளரா குந்திகினு கீறானே."

எல்லோரும் சிரித்தார்கள். ஆயர் என்னைப் பார்த்தார்.

"உறவினர் சாட்சி செல்லாது" என்றேன். விதி எண்ணையும் சொன்னேன்.

"செல்லுமா செல்லாதான்னா கேட்டேன்? நீ அங்க இருந்தியா இல்லியா? அத்தச் சொல்லு."

"அதைப் பதிவு செய்ய வழியில்லை."

"சர்தான் நைனா" என்று எழுந்து போய்விட்டான்.

விதி ஒரு சாக்கு. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் கட்டை சுமந்தவன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புத்தகம் வந்தது. 'மெட்டு அமைத்தவர் பெயர் தெரியவில்லை' என்று அச்சாகியிருந்தது. அச்சுப் பிழை பார்த்தது நான்தான். போன மழைக்காலத்தில் அண்ணன் இறந்தான்.

அடக்கம் முடிந்த பிறகு, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். உறவினர் சாட்சி ஏற்பதற்கில்லை என்று புதிய செயலாளர் பதில் போட்டார். குறை சொல்ல முடியாத பதில். அந்த வாக்குமூலத்தின் நகலை அண்ணியிடம் கொண்டுபோனேன். நான் படித்துக்காட்ட, முழுவதும் கேட்டாள்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து சோறே துன்னல. பேரு கெடக்குது வுடு, இவன் கண்டும் காணாத மாரி குந்திகினு இருந்தான்டின்னு சொல்லி அய்தாரு. இப்ப இத்த எட்தாந்து எங்கைல குட்த்தா நான் இன்னா பண்றது?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, "நான் அங்கே இருந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் கல்லூரி அடையாள அட்டை மாட்டியிருந்த ஒரு பெண் காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.

"எங்க அங்கிள்?"

"சவுக்குத்தோப்பில். அண்ணனோடு கட்டை தூக்க."

"ஓ" என்றாள். இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.