வெட்டி எடுத்த கதை

எங்கள் ஊரில் புத்தகம் போடுவது கலியாணம் செய்வதைப் போன்ற காரியம். எழுதினவரே அச்சகம் தேட வேண்டும், அட்டைப்படம் பார்க்க வேண்டும், அணிந்துரைக்கு ஆள் பிடிக்க வேண்டும், மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, வந்தவர்களுக்குக் குடிக்கவும் கடிக்கவும் கொடுத்து அனுப்ப வேண்டும். இதையெல்லாம் செய்வதற்குப் பதிப்பகம் என்று ஒன்று உண்டென்பது வளர்ந்து கொழும்புக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஆறாம் தரத்தில் படித்த வருடம் மாமி தன் சிறுகதைகளைப் புத்தகமாகப் போட்டார். மாமி வாப்பாவின் தங்கை. மணமுடிக்கவில்லை, எங்கள் வீட்டு முன் அறையில் இருந்தார், எங்கள் ஊரான மருதமுனையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தார். கல்முனையில் ஒரு மாடிக் கடையில் கதைகளைக் கணினியில் அடிக்கக் கொடுத்திருந்தார். அடித்தவருக்கு லகரமும் ளகரமும் ஒன்றுதான். கூண்டில் இருந்த கிளி, கூண்டில் இருந்த கிலியாக வந்தது. மாமி சிவப்புப் பேனாவோடு கல்முனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஒரு மாதிரி அச்சுக்குக் கொடுத்தார்.

முதற்பிரதியை வசதியுள்ள ஒருவர் மேடையில் பெற்றுக்கொள்வது வழக்கம். அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். வாப்பாவுக்கும் மாமிக்கும் மூத்தவரான என் பெரியப்பா அரிசி ஆலை வைத்திருந்தார். அவர் ஒத்துக்கொண்டார், அழைப்பிதழில் பெயரும் போட்டாயிற்று.

புத்தகக் கட்டுகள் ஓட்டோவில் வந்து இறங்கிய அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மாமி ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மின்விசிறியின் கீழ் இருந்து புரட்டினார். ஒரு கதையில் நின்றார். உம்மா வைத்த வட்டிலப்பத்தை அவர் தொடவில்லை.

அந்தக் கதையை நானும் வாசித்திருந்தேன். தங்கை அடுப்படியில் நிற்கும்போது காக்கா, அதாவது மூத்த அண்ணன், ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார். பிறகு அவளுக்கென்று வைத்திருந்த தென்னங்காணியை, அந்த வளவை, விற்றுவிடுகிறார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மணமுடித்து வைப்பார்கள். வளவு போனால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லை. கதையில் வரும் தங்கை கடைசிவரை அடுப்படியிலேயே நிற்கிறாள்.

“இதுல வாற காக்கா ஆரு?” என்றார் பெரியப்பா.

“கதையில வாற காக்காதான்” என்றார் மாமி.

“ஊருக்குள்ள எனக்கொரு மரியாத இரிக்கி.”

“உங்களப் பத்தினது எண்டு ஆரு சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லல்ல. எனக்குத் தெரியும்.”

அந்தக் கதை இருக்கிற புத்தகத்தைக் கையாலும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனார். வாப்பாதான் இடையில் கிடந்து அவதிப்பட்டார். “காக்கா இல்லாம விழா வெச்சா ஊரு என்னெண்டு கதைக்கும்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். மாமி முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அஸர் தொழுதுவிட்டு வந்தவர், “சரி, வெட்டுவம்” என்றார்.

வீடு முழுவதும் பாய் விரித்து எல்லோரும் இருந்தோம். வாப்பா இரும்பு அடிமட்டம் பிடிக்க, மாமி அந்தக் கதையின் தாள்களை பிளேடால் கீறி எடுத்தார். பொருளடக்கத்தில் கதையின் பெயர் அப்படியே இருந்தது. மையால் அழிக்கலாமே என்றார் வாப்பா. “வெள்ளத் தாள்ல கறுப்புப் பட்டா அசிங்கம்” என்றுவிட்டார் மாமி.

“மாமி, இந்தக் கத கூடாதா?” என்று நான் கேட்டேன்.

“நல்ல கத மகள். அதான் பிரச்சின.”

விழாவில் பெரியப்பா பொன்னாடை போர்த்தப்பட்டு முதற்பிரதியைப் பெற்றுக்கொண்டார். புகைப்படக்காரர் போதும் என்று சொன்ன பிறகும் சிரித்துக்கொண்டே நின்றார். அதன் பிறகு நூலாய்வு. ஆய்வு செய்ய வந்தவரிடம் இருந்தது பழைய அச்சுப் பார்வைப் பிரதி. புத்தகத்திலேயே மிகச் சிறந்தது என்று, இல்லாத அந்தக் கதையைத்தான் நெடுநேரம் புகழ்ந்தார். சபை முழுவதும் தாள் புரட்டும் சத்தம் எழுந்தது. பெரியப்பா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். வெட்டிய விசயத்தை ஆய்வாளருக்குச் சொல்ல மறந்துவிட்டதாக மாமி பிறகு சொன்னார். படிப்பித்த பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் தகப்பன் பெயரோடு நினைவு வைத்திருப்பவர் அவர்.

அடுத்த கிழமை வாப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். கச்சான் கடலை வாங்கித் தந்தார். தாளைச் சுருட்டிச் செய்த சரையில் கச்சான் சூடாக இருந்தது. தின்று முடித்ததும் வாப்பா தாளை விரித்தார். அதை இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, “இன்னொரு சரை தாங்க” என்று கச்சான்காரரிடம் கேட்டார். அதையும் விரித்தார். சுற்றிலும் பார்த்தால், மணலில் இருந்தவர்கள் எல்லோரும் தாளோடு இருந்தார்கள். அடுத்த பக்கம் யாரிடம் இருக்கிறதென்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் முதலில் இருந்து சொல்லும்படி மன்றாடினார்.

“இந்தத் தாளு எங்கால?” என்றார் வாப்பா.

“டீச்சர்தான் தந்தாங்க. நல்ல பாரத் தாளு, கிழியாது” என்றார் கச்சான்காரர்.

மறுநாள் பெரியப்பா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கையில் ஒரு கசங்கிய தாள். மாமி எழுந்து நின்றார்.

“புத்தகத்துல இருந்து எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டன் காக்கா. தாள என்ன செய்யிற எண்டு நீங்க சொல்லல்லயே.”

மாமிக்காகப் பேச ஆளில்லை என்று எனக்குத் தோன்றியது. “ஓம் பெரியப்பா, மாமி ஒரு தாளையும் வீணாக்க மாட்டா” என்றேன். பெரியப்பா என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், வந்த வழியே போனார். அந்த நோன்புப் பெருநாளைக்கு அவர் வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தார், சாப்பிட்டார், கதைகளைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. மாமியின் வளவு திரும்பி வரவில்லை. பாண்டிருப்புக்குப் போகும் பிரதான வீதியில் இருந்த அந்த இடத்தில் யாரோ கடை கட்டிப் பல காலம் ஆகியிருந்தது.

இந்த வளவு விசயமெல்லாம் நான் பிறகு அறிந்தது. அந்த வயதில் மாமி என்றால் முன் அறையில் இருப்பவர். அவருக்கு ஏன் வீடு இல்லை என்று நான் யோசித்ததே இல்லை. அந்தத் தவணையில் பள்ளிக்கூடத்தில் சிக்கனம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். வெட்டிப் போட்ட தாளைக்கூட எறியாமல் கச்சான்காரருக்குக் கொடுத்த என் மாமியைப் பற்றி எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டினேன். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கட்டுரை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.